அண்ணன் தோளில் தம்பி கை

என் வீட்டு பீரோவின் உள்கதவில் ஒரு போட்டோ ஒட்டியிருக்கிறது. ஒரே மைக்குக்கு முன்னால் இரண்டு ஆண்கள் நிற்கிறார்கள். ஒருவர் நல்ல உயரம், நரைத்த கிருதா, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். மற்றவர் அவருடைய காது மட்டத்துக்குக்கூட வரமாட்டார். அந்தக் குள்ளமானவர் குதிகாலை லேசாகத் தூக்கி, உயரமானவரின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டித் தோளைப் பிடித்திருக்கிறார். பிடித்திருக்கிறார் என்று சொல்வதும் சரியில்லை. மற்ற விரல்கள் சட்டையில் படிந்திருக்க, ஆட்காட்டி விரல் மட்டும் தனியாகத் தூக்கி நிற்கிறது, வகுப்பில் பதில் சொல்லத் துடிக்கும் பிள்ளையின் விரல் மாதிரி. பின்னால் கீபோர்டுக்கு மேலே பாதித் தலை தெரிகிறது. போட்டோவின் வலது ஓரத்தில் மாம்பழ நிறத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு சேலை. அது நான். போட்டோ எடுத்த மகராசனுக்கு அன்று என்னைவிட அந்தக் கை முக்கியமாகப் பட்டிருக்கிறது.

உயரமானவர் பெரியண்ணன். கை போட்டிருப்பவர் சின்னண்ணன். பாதித் தலை நடு அண்ணன். மூன்று பேரும் உடன்பிறந்தவர்கள். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கடைமடையில் ஒரு கிராமம், ஒட்டி ஒட்டி மூன்று வீடு, ஒட்டி ஒட்டி மூன்று வயல். பகலில் நெல், சாயங்காலத்தில் பாட்டு. ஊர்ப்பேரோடு 'சகோதரர்கள்' என்று சேர்த்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். நான் அவர்களுக்குச் சொந்தமில்லை. திருவிடைமருதூரில் பிறந்து, திருத்துறைப்பூண்டியில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தவள். ஆண்டு விழாவில் நான் கடவுள் வாழ்த்து பாடியதைக் கேட்ட நடு அண்ணன், வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் முறையாகக் கேட்டு, என்னைப் பெண் குரலாகச் சேர்த்துக்கொண்டார். பதினோரு வருஷம் அவர்களோடு பாடினேன். 'எங்கள் உடன்பிறவாத் தங்கச்சி' என்று மைக்கில் சொல்வார்கள். வகுப்பில் பேசாதே பேசாதே என்று பிள்ளைகளை அதட்டுகிற எனக்கு வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது என்பது அவர்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து பாடினால் சனங்களுக்கு ஏன் அப்படியொரு கிறக்கம் என்பது எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் முழுசாக விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் நாகஸ்வரம் என்றால் சகோதரர்கள், தவில் என்றால் சகோதரர்கள், பேண்டு செட் என்றாலும் சகோதரர்கள். வெள்ளைக்காரர்களிலும் இப்படிக் குழுக்கள் உண்டென்று என் மகன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். அதில் ஐந்து அண்ணன் தம்பிகள் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் இடுப்பை ஒடித்தார்கள். நாகப்பட்டினத்தில் ஒரு குழுவில் இருந்தவர்கள் சகோதரர்களே இல்லை, ஒருவர் மச்சான், ஒருவர் எதிர்வீட்டுக்காரர். நோட்டீஸில் மட்டும் சகோதரர்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். "மச்சான்கள்னு போட்டா எவன்மா கூப்பிடுவான்?" என்றார் அந்த மச்சான். நியாயம்தான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒத்துப்போய் நிற்பதை வீட்டில் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள், மேடையிலாவது பார்க்கலாம் என்று வருகிறார்களோ என்னவோ. எந்த ஊருக்குப் போனாலும் அறிமுகம் செய்கிறவர் 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்றுதான் ஆரம்பிப்பார். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போனது. ஒருதடவை, 'அப்போ தங்கச்சி உடையான் எதுக்கு அஞ்சுவான்?' என்று நான் மேடையிலேயே கேட்டு வைத்தேன். 'தங்கச்சி வாய்க்கு' என்றார் நடு அண்ணன். அந்த மனுஷர் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுவார், அதில் ஒன்று என் தலையில் விழுந்தது.

ஆனால் அந்தக் கை என்னைக் குடைந்தது. எங்கள் பக்கத்தில் அண்ணன் எதிரில் தம்பி கால்மேல் கால் போட மாட்டார். நாலு பேர் பார்க்க அண்ணன் தோளில் கை போடுவது மரியாதைக் குறைவு. அதிலும் சின்னண்ணன் வீட்டில் பெரியண்ணனைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிற ஆள். மேடை ஏறியதும் அவருடைய இடது கை தானாகப் போய் அண்ணன் தோளில் உட்கார்ந்துவிடும். பாட்டு முடிகிறவரை இறங்காது. பெரியண்ணன் தனியாகப் பாடும் பாட்டிலும் சின்னண்ணன் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று கையை மட்டும் போட்டிருப்பார். ஒரு கோயில் விழாவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏந்தம்பி, அண்ணன் தோள் என்ன உனக்குக் கைப்பிடிச் சுவரா?" சின்னண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெரியண்ணன்தான் பதில் சொன்னார், அவருக்கே உரிய நிதானத்தில்: "அது என் தோள்ல இருந்தாத்தாங்க எனக்கு வாய் தொறக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். பாசம் என்றார்கள். அடுத்த வருஷம் நோட்டீஸிலேயே அந்தப் போஸைப் போட்டார்கள்.

நான் பாசம் என்று நம்பவில்லை. டீச்சர் புத்தி. எந்தப் பையனும் காரணமில்லாமல் கையை மேசைக்கடியில் வைக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். கச்சேரியில் எனக்குப் பாட்டு இல்லாத நேரமெல்லாம் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர்கள் இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்தேன். ஒரே இடத்தில் மூச்சு எடுத்தார்கள். ஒரே எழுத்தில் கொஞ்சம் தேய்த்தார்கள். பெரியண்ணன் குரலில் கனம் அதிகம், சின்னண்ணன் குரலில் இனிப்பு அதிகம், இரண்டும் சேர்ந்தால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. ஒத்திகை பார்த்துதான் இப்படி என்றால் ஒத்திகையே அவர்கள் அதிகம் பார்த்ததில்லை. பெரியண்ணனைப் பற்றி வேறு சிலதும் கவனித்தேன். வேனில் எப்போதும் டிரைவருக்குப் பக்கத்து சீட்தான். பின்னால் நாங்கள் அரட்டை அடித்துச் சிரித்தால் அவர் மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார். கேள்வி கேட்டால் நம் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்வார். கனமான மனுஷர் என்று சிலர் சொன்னார்கள், கர்வம் என்று சிலர் சொன்னார்கள். நான் முதல் கட்சி. இத்தனையையும் கண்ணால் பார்த்தும் கூட்டிச் சேர்த்து ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

எட்டாவது வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்தது. கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் வாய்க்காலில் கால் நனையும் அளவுதான் மிச்சம் இருக்கும். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சினார்கள். அண்ணன் வயலுக்கும் தம்பி வயலுக்கும் ஒரே மடை. அன்று காலை சின்னண்ணன் ஸ்பீக்கர் சரிசெய்ய நாகப்பட்டினம் போயிருந்தார். அவர் வீட்டு நாற்றங்காலுக்கு இன்னும் தண்ணீர் ஏறவில்லை. ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பெரியண்ணன் மடையைச் சேறு வைத்து அடைத்தார். பின்பக்க வரப்பில் நின்ற சின்ன அண்ணி, அதாவது சின்னண்ணனின் மனைவி, "மாமா, அடைக்காதீங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். பெரியண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே நடந்து போய்விட்டார். அண்ணி சேற்றில் இறங்கி மடைக்கு ஓடி வருவதற்குள் அடுத்த முறைக்காரர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்கடுத்த முறை வருவதற்குள் நாற்று வெளுத்துக் கருகிப்போனது. வேறு ஊரில் நாற்றுக்கட்டு வாங்கி நட்டார்கள்.

நாற்று போனதைக்கூட அண்ணி பொறுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் புருஷனின் அண்ணனிடம் பெண்கள் முகம் கொடுத்துப் பேசுவதே குறைவு. அவரை வயல்வெளியில் நாலு பேர் காதில் விழ, வாய்விட்டு மூன்று தடவை கூப்பிட்டது அண்ணி வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையென்றால்? "மூணு தடவை கூப்பிட்டா தெருநாய்கூடத் திரும்பும். செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரில்ல போறாரு உங்க அண்ணன்" என்று புருஷனிடம் அழுதிருக்கிறார். சின்னண்ணன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் அண்ணியை இன்னும் சுட்டது. கடைசியில் ஒன்று சொன்னார்: "நீங்க பாடுங்க, வேண்டாங்கல. பொழப்பு அது. ஆனா இனிமே அவர் தோள்ல உங்க கை படக்கூடாது. மேடையில ஊருக்குப் பாசம் காட்டறது, வீட்ல உங்க பொண்டாட்டிய மனுஷியா மதிக்காத ஆளுக்கு முட்டுக் குடுக்கறது, ரெண்டையும் என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. பட்டுச்சுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

இதெல்லாம் எனக்கு முழுசாகப் பின்னால் அண்ணியே சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு மத்தியானம் சின்னண்ணன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதுதான். "தங்கச்சி, அடுத்த கச்சேரியில நீ நடுவுல நில்லும்மா. எனக்கு ஒரு பக்கம் மைக், அண்ணனுக்கு ஒரு பக்கம் மைக். எனக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியல" என்றார். சைக்கிளைப் பிடித்திருந்த அதே கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கை நன்றாகத்தான் எழும்புகிறது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அண்ணன் தம்பிக்குள் ஏதோ மனத்தாங்கல், எந்த வீட்டில் இல்லை என்று முடிவு கட்டினேன். அதைவிட உண்மை ஒன்று இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. நடுவில் நிற்கச் சொன்னதும் எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. எட்டு வருஷமாகப் போட்டோ ஓரத்தில் சேலையாக நின்றவள் நான். புதுசாக ஒரு மயில்கழுத்துப் பட்டு எடுத்தேன். மூன்று மைக்கையும் எங்கே எங்கே வைக்க வேண்டுமென்று மைக்செட்காரருக்கு நானே இடம் காட்டினேன்.

அந்தக் கச்சேரி சின்ன அண்ணியின் அண்ணன் மகள் கல்யாண வரவேற்பு. திருத்துறைப்பூண்டியில் ஒரு மண்டபம். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்தோம். அண்ணி முதல் வரிசையில், பிறந்த வீட்டுச் சனங்களுக்கு நடுவில், பச்சைப் பட்டு கட்டி உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு பாட்டு நானும் சின்னண்ணனும். மூன்றாவது, ஆண்கள் இருவரும் மாறி மாறிப் பாடும் ஒரு பழைய பாட்டு. கண்ணை மூடிக்கொண்டே இருநூறு மேடையில் பாடியிருப்பார்கள். முன்னிசை முடிந்து பெரியண்ணன் எடுக்க வேண்டிய இடம் வந்தது. எடுக்கவில்லை. டிரம்ஸ் போய்க்கொண்டிருந்தது. அரை வரி தள்ளி எடுத்தார். எடுத்த சுருதியும் பாட்டின் சுருதி இல்லை. கீழே எங்கோ இருந்தது. சரி, சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வரியில் இன்னும் இறங்கினார். கண்ணைத் திறந்து வலது பக்கம் பார்த்தார். வலது பக்கத்தில் தம்பி நிற்க வேண்டிய இடத்தில் மயில்கழுத்துப் பட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பின்வரிசையில் விசில் கிளம்பியது. "பெரியவரு இன்னிக்குப் போட்டுட்டு வந்துட்டாருடோய்" என்று ஒரு குரல், அதற்கு ஒரு சிரிப்பு அலை. வெற்றிலைகூடப் போடாத மனுஷரை. அவருக்கு அது காதில் விழவில்லை, ஆனால் சிரிக்கிற வாய்களைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை. பல்லவி முடிந்ததும் நடு அண்ணன் கீபோர்டில் இடை இசையைப் பிடித்தார். நான் சின்னண்ணன் பக்கம் போய், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னண்ணே ஆச்சு அவருக்கு?" என்றேன். அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. "அவருக்குக் காது கேக்காதும்மா" என்றார். "பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. வெளியில தெரிஞ்சா செவிட்டுப் பாட்டுக்காரன்னு பேரு வச்சிருவாங்கன்னு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டேன்னு எங்கம்மா மேல சத்தியம் வாங்கிட்டாரு. நடு அண்ணனுக்குத் தெரியும். இப்ப ஒனக்குத் தெரியும்." வேனில் முன்சீட், தலையசைப்பு, முகம் பார்ப்பது, எல்லாம் ஒரே நொடியில் வந்து நின்றது. "போய் கையைப் போடுங்கண்ணே" என்றேன். "போட்டா அவ பொறந்த வீட்டோட போயிருவா. காரணம் சொல்லவும் முடியாது" என்றார். அரை நிமிஷத்தில் வயல் கதையைச் சொன்னார். முதல் வரிசையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். ஒரு மனுஷர் இப்படி இரண்டு பக்கமும் கட்டுண்டு நின்று நான் பார்த்ததில்லை.

இடை இசை முடிந்திருக்க வேண்டும். நடு அண்ணன் முடிக்கவில்லை. முதலிலிருந்து இன்னொரு சுற்று வாசித்தார். அது முடிந்ததும் மூன்றாவது சுற்று. என்னையே பார்த்துக்கொண்டு வாசித்தார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர் அன்று கீபோர்டில் கத்தினார் என்றுதான் சொல்வேன். சனங்களோ ஸ்பெஷல் அயிட்டம் என்று கைதட்டினார்கள்.

சத்தியம் செய்தது சின்னண்ணன். நான் செய்யவில்லை. மேடைப் பக்கவாட்டுப் படியில் இறங்கி, முதல் வரிசைக்குப் போய், அண்ணியின் காதில் குனிந்து சொன்னேன்: "அண்ணி, அவருக்குக் காது கேக்காது. அன்னிக்கு வரப்புல நீங்க கூப்பிட்டது அவருக்கு விழவே இல்ல. சின்னண்ணனுக்கு இது தெரியும், சொல்லக்கூடாதுன்னு சத்தியம்." அண்ணி என்னைப் பார்த்தார். "யாருக்கு?" என்றார். மறுபடி சொன்னேன். பக்கத்தில் அவருடைய சொந்தக்காரர் யாரோ இன்னும் 'போட்டுட்டு வந்த' கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி மேடையைப் பார்த்தார். அங்கே ஆறடி மனுஷர் மைக்கைப் பிடித்தபடி, எந்த நேரத்தில் வாயைத் திறப்பது என்று தெரியாமல், டிரம்ஸ்காரரின் கைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாவி மனுஷன், இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல" என்றார். அது எந்த மனுஷனுக்கு என்று நான் கேட்கவில்லை. பிறகு புருஷனைப் பார்த்து, வலது கையை எடுத்துத் தன் இடது தோளில் இரண்டு தடவை தட்டிக் காட்டினார்.

சின்னண்ணன் மேடையைக் குறுக்கே கடந்து போனதை நடை என்று சொல்ல முடியாது. என் மைக் ஸ்டாண்டை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். குதிகாலைத் தூக்கிக் கையைப் போட்டார். நடு அண்ணன் சுற்றை முடித்தார். பெரியண்ணன் கண்ணை மூடினார். எடுத்தார் பாருங்கள், சரியான இடத்தில், சரியான சுருதியில். விசிலடித்த பின்வரிசையே எழுந்து நின்றது. நான் ஏறி வந்து ஓரத்தில் என் பழைய இடத்தில் நின்றுகொண்டேன். பீரோவில் இருக்கும் போட்டோ மாதிரியேதான் அன்றும் நான் தெரிந்திருப்பேன், பட்டு மட்டும் வேறு.

அதற்கப்புறம் அண்ணி அந்த ரகசியத்தைக் காத்தது மாதிரி பூட்டுகூடக் காத்திருக்காது. பிறந்த வீட்டில் கேட்டார்கள், ஊரில் கேட்டார்கள், ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. பெரியண்ணனிடம் அவர் எதுவும் பேசவுமில்லை. ஆனால் வயலில் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் ஒரு சின்ன மண்ணாங்கட்டியை எடுத்து அவருக்கு முன்னால் வாய்க்காலில் எறிவார். தண்ணீர் தெறித்ததும் பெரியண்ணன் திரும்பிப் பார்ப்பார். அண்ணி கையால் மடையைக் காட்டுவார். பார்க்கிறவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்தார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்த விரலைப் பற்றிச் சின்னண்ணனை நச்சரித்துக் கேட்டேன். ஒரு நாள் வேனில் பின்சீட்டின் மேல் கையை வைத்துக் காட்டினார். ஆட்காட்டி விரல் தூக்கினால் தயாராகு. தட்டினால் எடு. விரல் கழுத்துப் பக்கம் நகர்ந்தால் சுருதி ஏற்று, தோள்பட்டைப் பக்கம் நகர்ந்தால் இறக்கு. உள்ளங்கை அழுந்தினால் நிறுத்து. பத்து வருஷத்தில் அவரே கண்டுபிடித்துச் செதுக்கிய பாஷை. சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. இரண்டு பேர் கழுத்தில் ஒரே தொண்டை எப்படி வந்தது என்று எட்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்குக் கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி இருந்தது. பிறகு வந்த கச்சேரிகளில் பின்னால் நின்று பார்த்தேன். சொன்ன மாதிரியே விரல் எழுந்தது, தட்டியது, ஏறியது, இறங்கியது. மூன்று வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்குத் தஞ்சாவூர் மாற்றலாகி நான் குழுவைவிட்டு வந்தபோது, அந்த விடையையும் போட்டோவையும் கூடவே கொண்டுவந்தேன்.

போன மாதம் அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். கச்சேரி எல்லாம் நின்று பல வருஷம் ஆகிறது. பெரியண்ணன் இப்போது காதில் மெஷின் மாட்டியிருக்கிறார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான், செவிட்டுப் பாட்டுக்காரர் என்று யாரும் பேர் வைக்கவில்லை. சின்னண்ணனுக்குச் சுகர் வந்து பார்வை மங்கிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அச்சில் வருவது எதுவானாலும் சின்ன அண்ணிதான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாராம். இதையும் அவர்தான் வாசித்துக் காட்டுவார்.

அண்ணி, இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்துவிட்டது என்று சொல்லி மடித்து வைத்துவிடுங்கள். மிச்சத்தை நீங்கள் மட்டும் தனியாக வாசியுங்கள்.

அன்று சின்னண்ணன் கை கழுவ உள்ளே போயிருந்த நேரம், நான் பெரியண்ணனிடம் அந்த விரல் பாஷையைப் பற்றிப் பேச்செடுத்தேன். எவ்வளவு பெரிய மூளை சின்னண்ணனுக்கு, தோளிலேயே ஒரு பாட்டுப் புத்தகம் எழுதிவிட்டாரே என்றேன். பெரியண்ணன் மெஷினைத் திருகிவிட்டுக்கொண்டு உள்பக்கம் ஒருமுறை பார்த்தார். "அவன் விரல்ல என்னமோ நோண்டிக்கிட்டே இருப்பான்மா" என்றார். "எனக்கு அது ஒண்ணும் வெளங்குனதில்ல. ஆரம்பத்துல ஒருநாள் உக்காந்து சொல்லிக் குடுத்தான். பாதி காதுல விழல, சரி சரின்னுட்டேன். சில நேரம் கூச்சமா இருக்கும், சிரிப்பு வந்துரும். பாவம், ஆசையாப் பண்றான், விட்டுட்டேன்."

"அப்ப எப்படிண்ணே சரியா எடுத்தீங்க? அந்தக் கல்யாணத்துல கை வந்ததும்தானே எடுத்தீங்க?" என்றேன். அவர் யோசித்தார். உண்மையிலேயே தெரியாதவர் யோசிக்கிற மாதிரி யோசித்தார். "தெரியலம்மா. கை இல்லன்னா பயமா இருக்கும். இருந்தா பயம் போயிரும். பயம் போச்சுன்னா பாட்டு தன்னால வந்துரும்" என்றார். பிறகு என்னை முகம் பார்த்து, "ஒருதடவை நீ என் காது விஷயத்தை அவன் பொண்டாட்டிகிட்டச் சொன்னே. எனக்குத் தெரியும். அது நல்லதாப் போச்சு, நான் கேக்கல. இத அவங்கிட்ட சொல்லிடாதே" என்றார். இந்தக் குடும்பத்துக்குச் சத்தியம் வாங்குகிற பழக்கம் போகவில்லை. இந்தத் தடவை நானும் செய்து கொடுத்தேன்.

ஆக, என் விடை தப்பு. இருபது வருஷமாகச் சரி என்று நினைத்து வைத்திருந்த விடை. கண்ணை மூடி நிற்கும் செவிடருக்கு ஒரு வெறும் கையின் கனத்திலிருந்து எடுப்பும் சுருதியும் எப்படிக் கிடைத்தன என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தெரியும் என்று நினைக்கிற ஒரே ஆளிடம் கேட்கக்கூடாது.

பஸ்ஸுக்கு நேரமானதும் இருவரும் என்னை வழியனுப்ப வாய்க்கால் கரையில் ரோடுவரை வந்தார்கள். பெரியண்ணன் முன்னால் நடந்தார். கண் தெரியாத சின்னண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். என்னை ஏற்றிவிட்டு அவர்கள் திரும்பிப் போவதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். சின்னண்ணன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போயிருக்க வேண்டும். ஆட்காட்டி விரல் அண்ணன் தோளில் எழுந்தது, தட்டியது, கழுத்துப் பக்கம் நகர்ந்தது. பெரியண்ணன் மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கல்லும் பள்ளமும் பார்த்து, தம்பிக்கு வாகாக மெல்ல நடந்து போனார். கூச்சமாக இருக்கிறது என்று ஒருமுறைகூடத் தோளைக் குலுக்கவில்லை.